ஏழு பேருக்கும் ஒன்றுமில்லை

ஏழு பேரும் வரிசையாக நின்று ஒரே பொய்யைச் சொன்னார்கள். ஆளுக்கொரு விதமாகச் சொல்லியிருந்தால் கேட்டுக்கொண்டிருந்த எங்களுக்காவது பொழுது போயிருக்கும்.

"சத்தியமா எங்களோடதுதாம்மா," என்றார் மேஸ்திரி. டப்பா நிரப்பும் பகுதியின் தலைவர் அவர். பின்னால் நின்ற ஆறு தலைகளும் ஒன்றாக ஆடின.

"ஏங்க, பரீட்சை எழுத ஆள் வைக்கறதைக் கேள்விப்பட்டிருக்கேன். சாட்சி சொல்ல ஆள் வைக்கறதையும் கேள்விப்பட்டிருக்கேன். இதுக்குமா ஆள் வைப்பாங்க?" என்று கேட்டேன்.

மேஸ்திரி என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, கேமராவையே உள்ள விட்டுக் காட்டியாச்சு. இன்னும் என்னத்தைக் காட்டச் சொல்றீங்க?"

அது நியாயமான கேள்விதான். பொய்யைக் காப்பாற்ற மானத்தை விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். முதல் நாள் முழுக்கப் பேதி மருந்து குடித்து, மறுநாள் குடலையே திறந்து காட்டிய ஆட்களை அன்றுதான் பார்த்தேன்.

நாங்கள் இருந்தது ஒரு பெயிண்ட் தொழிற்சாலையின் மருத்துவ அறை. ஒரு கட்டில், எடை பார்க்கும் இயந்திரம், ஜன்னல் வழியே தின்னர் நாற்றம். மேசைக்குப் பின்னால் டாக்டர் நகம் கடித்துக்கொண்டிருந்தார். சுவர்க் கடிகாரத்தில் மணி பன்னிரண்டே முக்கால். நாலு மணிக்குள் ஓர் ஆளைக் கண்டுபிடித்தாக வேண்டும். கண்டுபிடிக்காவிட்டால் அந்த ஆள் செத்துப்போகலாம்.

விஷயம் இதுதான். ஆறு வாரங்களுக்கு முன் தொழிற்சாலையில் நாற்பத்தைந்து வயதைத் தாண்டிய நாற்பது பேருக்கு ஆளுக்கொரு பிளாஸ்டிக் குழாய் கொடுத்தார்கள். சுண்டுவிரல் நீளம், பச்சை மூடி, மூடியோடு சேர்ந்த ஒரு சின்னக் குச்சி. காலைக்கடனை முடித்ததும் குச்சியால் அதில் நாலு இடத்தில் குத்தி, குழாய்க்குள் செருகி, தன் பெயர் லேபிளை ஒட்டிக் கொடுத்துவிட வேண்டும். ஊசி கிடையாது, கத்தி கிடையாது, வலி கிடையாது. குடலில் புற்றுநோய் தலைகாட்டும்போதே கண்ணுக்குத் தெரியாத அளவில் ரத்தம் கசியலாம். லேப் இயந்திரத்தின் கண்ணுக்கு அது தெரியும்.

ஏழு குழாய்களில் ரத்தம் இருந்தது. ஏழு பேரையும் ஆஸ்பத்திரிக்கு அனுப்பிக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். ஏழு பேருக்கும் ஒன்றுமில்லை. மூலம்கூட இல்லை.

"டெஸ்ட்டே பொய்னு மேனேஜர் முடிவு பண்ணிட்டார்," என்றார் டாக்டர். ஏழு பேரும் வெளியே போய்க் கதவு சாத்தியாகிவிட்டது. "நாலு மணிக்கு நான் கையெழுத்து போட்டா கோப்பை மூடிடுவாங்க. குழாயெல்லாம் எரிக்கப் போயிடும். ஒண்ணு ரெண்டு தப்பலாம்மா, ஒத்துக்கறேன். ஏழுமா தப்பும்? அந்த ரத்தம் நிஜம். யாரோடதுன்னுதான் தெரியல."

"போலீஸ்கிட்ட போக முடியாது. அதனால எங்க அண்ணிகிட்ட வந்திருக்கீங்க," என்றேன்.

"தம்பி, கொஞ்சம் வாயை மூடுங்க," என்றார் அண்ணி.

அண்ணி என் அண்ணனின் மனைவி. இருபத்தாறு வருடம் தபால் பிரிக்கும் அலுவலகத்தில் இருந்தவர். முகவரி அழிந்துபோன கடிதங்களை உரியவரிடம் சேர்ப்பதுதான் அவருடைய பிரிவின் வேலை. ஓய்வு பெற்ற பிறகும் அதே வேலையைத்தான் செய்கிறார். இப்போது அதற்குத் துப்பறிதல் என்று பெயர். ஊருக்குள் அவர் தபாலம்மா. நான் அவருடைய கொழுந்தன், டிரைவர், எடுபிடி. நாற்பது வயதாகியும் எனக்குக் கல்யாணம் ஆகாததற்கு என் வாய்தான் காரணம் என்பது அண்ணியின் கருத்து. அண்ணனின் கருத்தும் அதுதான். அவர் அதை வெளியே சொல்வதில்லை.

"அந்த ஏழு பேரோட ரிசல்ட்டைக் காட்டுங்க," என்றார் அண்ணி.

டாக்டர் தாளை நீட்டினார். ரத்தத்தின் அளவு எண்களில் இருந்தது. நூற்றுப் பதினெட்டு, நூற்று இருபத்தொன்று, நூற்றுப் பதினேழு, நூற்று இருபது... ஏழும் அந்தச் சுற்றுவட்டாரம்தான்.

"தம்பி, ஒரு வகுப்புல ஏழு பசங்களுக்கு ஏறக்குறைய ஒரே மார்க் வந்தா என்ன அர்த்தம்?"

"டியூஷன் நல்ல டியூஷன்."

"காப்பின்னு அர்த்தம். ஏழு பேர் ஏழு ஆளை வைக்கல. எல்லாரும் சேர்ந்து ஒரே ஆளை வச்சிருக்காங்க."

டாக்டரின் விரல் வாயிலிருந்து இறங்கியது. "ஒரே ஆளா?"

"ஒரே ஆள். நூத்தி இருபதுன்னா நிறையவா?"

"சும்மா விடற அளவு இல்லம்மா. குடல்ல சின்னப் புண்ணா இருக்கலாம், சதை வளர்ச்சியா இருக்கலாம். புற்றுநோயோட ஆரம்பமாவும் இருக்கலாம். ஆரம்பம்னா நல்லது; வெட்டி எடுத்துட்டா ஆள் பிழைச்சுக்குவார். தானா வெளிய தெரியட்டும்னு விட்டா..." மறுபடி நகத்தைக் கடித்தார். "ஏற்கெனவே ஆறு வாரம் போயாச்சு. நாளைக்குக் காலைல ஏழரைக்குக் கேமரா ரூம்ல ஒரு இடம் பிடிச்சு வச்சிருக்கேன். கோப்பு மூடினா அதுவும் கைவிட்டுப் போயிடும்."

எங்கோ ஒருவர் சாப்பிட்டு, தூங்கி, யாரிடமோ சண்டை போட்டுக்கொண்டு, தனக்கு ஒன்றும் இல்லை என்று நடமாடிக்கொண்டிருக்கிறார். எங்கள் வழக்கமான ஆட்கள் பிடிபடாமல் இருக்க ஓடுவார்கள். பிடிபட்டால் மட்டுமே பிழைக்கக்கூடிய ஆளை நாங்கள் தேடியதே இல்லை.

"ஏழு குழாய் பத்தாது. நாற்பதையும் கொண்டு வாங்க," என்றார் அண்ணி.

குளிர்பெட்டியிலிருந்து நாலு தட்டுகள் வந்தன. அண்ணி கையுறை மாட்டிக்கொண்டு பிரிக்க ஆரம்பித்தார். கடிதம் பிரித்த கை. ஒவ்வொரு குழாயையும் ஒரு விநாடி வெளிச்சத்தில் பிடிப்பார். அது இடப்பக்கமோ வலப்பக்கமோ போய்விடும். மணி ஒன்றே கால் ஆனது. ஒன்றரை ஆனது. வலப்பக்கம் குவிந்துகொண்டே போனது. இடப்பக்கம் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் சேர்ந்தது.

ஒரு குழாயை என் மூக்குக்கு நேரே நீட்டினார். "என்ன தெரியுது?"

"தெரிஞ்சுக்க விருப்பம் இல்ல."

"உள்ள பார்க்காதீங்க. வெளியே பாருங்க."

பார்த்தேன். லேபிளில் நீலப் பெருவிரல் ரேகை ஒன்று பதிந்திருந்தது. அடுத்த குழாயின் மூடியில் சிவப்பு இழுப்பு. அதற்கடுத்ததில் மஞ்சள் துளி. லேபிள்கள் கோணல்மாணலாக, குமிழ் விட்டு, ஓரம் மடங்கிக் கிடந்தன.

"பெயிண்ட் கம்பெனில வேலை செய்யறவன் எதைத் தொட்டாலும் அவன் கை அதுல இருக்கும்," என்றார் அண்ணி. "எவ்வளவு கழுவினாலும் நக இடுக்குல மிச்சம் இருக்கும். முப்பத்திரண்டு குழாய்ல அது இருக்கு. இந்த எட்டுல இல்ல."

இடப்பக்கத்து எட்டையும் வரிசையாக வைத்தார். பளிச்சென்று இருந்தன. மூடியிலிருந்து எட்டு லேபிள்களும் ஒரே தூரத்தில் தொடங்கின. ஒரு குமிழ் இல்லை. ஓரங்கள் நகத்தால் நீவிவிடப்பட்டிருந்தன.

"ஸ்கேல் வச்சு ஒட்டினாங்களா? இதையா?" என்றேன்.

"ஸ்கேல் தேவைப்படாத கை. வாழ்நாள் பூரா ஒட்டிட்டே இருக்கற கை. டாக்டர், இந்தக் கம்பெனில கையில கறை படாம, ஒட்டறதையே வேலையா வச்சிருக்கற ஆள் யாரு?"

டாக்டர் எழுந்தே விட்டார். "ஷேட் கார்டு ரூம்! கடைல கலர் பார்க்க நீட்டுவாங்களே, சின்னச் சின்னக் கட்டமா ஒட்டின அட்டை. அதைப் பண்றது ஒரே ஒருத்தர்தான்."

"தெரியும்," என்று எட்டாவது குழாயைத் திருப்பினார் அண்ணி. "பேர் இருக்கே. ஏழு ஊருக்கு, எட்டாவது தனக்கு."

*

அந்தத் தொழிற்சாலையில் சுவர் வெள்ளையாக இருந்த ஒரே அறை அதுதான். உள்ளே ஒரு நீள மேசை, மேலே வெள்ளை விளக்கு, தட்டுத் தட்டாக நிறச் சதுரங்கள். பருத்திக் கையுறை போட்ட மனிதர் இடுக்கியால் ஒரு சதுரத்தை எடுத்து அட்டையில் வைத்துக்கொண்டிருந்தார். ஐம்பது வயது இருக்கும். வகிடுகூடக் கோடு போட்ட மாதிரி இருந்தது. எல்லோரும் அவரைக் கார்டுக்காரர் என்றுதான் கூப்பிட்டார்கள்.

டாக்டர் விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் மாறவில்லை. "எனக்கு ஒண்ணும் தெரியாது சார். என் குழாயைக் கொடுத்தேன், அவ்வளவுதான்."

அண்ணி வாக்குவாதம் செய்யவில்லை. மேசையில் கிடந்த ஒரு காலி அட்டையை எடுத்தார். ஒரு பச்சைச் சதுரத்தின் பின்தாளை உரித்து, நடுவில், நன்றாகச் சாய்த்து ஒட்டினார். அதை அவர் முன்னால் வைத்தார்.

"அவங்க ஏழு பேரும் உங்களுக்குப் பழக்கமா?"

"பார்த்தா சிரிப்போம்." அவர் கண் அட்டைக்குப் போய்த் திரும்பியது.

"மேஸ்திரி எதுவும் கேட்டாரா?"

"எதுவும் கேக்கல." கண் மறுபடி அட்டைக்குப் போனது. நெற்றி வேர்த்தது. "நான் எதுக்கும்மா அடுத்தவங்க விஷயத்துல..." என்று பேசிக்கொண்டே இடுக்கியால் பச்சைச் சதுரத்தை உரித்தார். "எனக்கு என் வேலை உண்டு..." நேராக வைத்தார். "நான் உண்டு..." கையுறையைக் கழற்றி நகத்தால் ஓரங்களை நீவினார்.

அண்ணி அந்த அட்டைக்குப் பக்கத்தில் ஒரு குழாயை வைத்தார். அதே இடைவெளி. அதே நீவல்.

கார்டுக்காரர் இரண்டையும் பார்த்தார். இடுக்கி கீழே விழுந்தது.

"கெஞ்சினாங்கம்மா," என்றார். "விடியக்காலம் நாலரை மணி பஸ்ஸைப் பிடிக்கற ஆளுங்க. ஒரே கக்கூஸ், வெளிய மூணு குடும்பம் வரிசைல நிக்கும். இதுல குச்சியை வச்சுக்கிட்டு எங்க போய்க் குத்தறதுன்னாங்க. புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள கொடுக்காதவங்க பேரை நோட்டீஸ் போர்டுல எழுதுவேன்னு மேனேஜர் சொல்லிட்டார். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு பேரும் குழாயோட வந்து நின்னாங்க."

"நீங்களும் பெரிய மனசு பண்ணி எல்லாருக்கும் சேர்த்துப் போயிட்டு வந்தீங்க," என்றேன். அண்ணி முறைத்தார்.

"சும்மா இல்ல தம்பி. பதிலுக்கு அவங்களும் ஒண்ணு பண்ணினாங்க. நான் லேட்டா வர்ற நாள்ல இந்த ரூமைத் திறந்து, லைட்டைப் போட்டு, என் கோட்டை நாற்காலில மாட்டி வச்சிடுவாங்க. முறை வச்சு, ஆளுக்கொரு நாள்."

ஆக ஆறு வாரமாகக் கம்பெனிக்கு நேரத்துக்கு வந்தது அவருடைய கோட்டு மட்டும்தான்.

"ஏன் லேட்டாகும்?" என்று அண்ணி கேட்டார்.

"வீட்ல அவளுக்குக் காலைல எழுந்திருக்கவே முடியறதில்லம்மா. தலை சுத்துதுங்கறா. ரத்தம் கம்மியா இருக்குன்னு மாத்திரை கொடுத்திருக்காங்க. நான்தான் பொண்ணைக் கிளப்பி ஸ்கூலுக்கு அனுப்பணும்."

டாக்டர் அதைக் காதில் வாங்கவில்லை. ஆள் கிடைத்த சந்தோஷத்தில் இருந்தார். "சரிய்யா, ஏழும் உன்னோடதுதானே? நாளைக்குக் காலைல ஏழரைக்கு நீ ஆஸ்பத்திரில இருக்கணும்."

"எதுக்கு சார்? டெஸ்ட்டே பொய்னு பேசிக்கறாங்களே. ஏழு பேருக்கும் ஒண்ணுமில்லையே?"

"அவங்களுக்கு ஏன்யா இருக்கும்? அது அவங்களோடது இல்லையே!"

இரண்டு விநாடி பிடித்தது. பிறகு கார்டுக்காரர் ஸ்டூலைத் தடவித் தேடி உட்கார்ந்தார். உதடு வெளுத்துப்போனது. நான் தண்ணீர் எடுத்துக் கொடுத்தேன். மணி இரண்டு நாற்பது. நேரம் மிச்சம் வைத்தே ஆளைப் பிடித்துவிட்டோம். ஆனாலும் எனக்குச் சந்தோஷமாக இல்லை.

அண்ணி நகரவில்லை. எட்டாவது குழாய் அவர் கையில் இருந்தது.

"இதுவும் உங்களோடதுதானே?"

"ஆமாம்மா. என் பேர்ல இருக்கே."

"எப்ப எடுத்தீங்க?"

"எல்லாம் அதே புதன்கிழமை காலைலதான்."

"டாக்டர், இவர் பேர்ல வந்த மார்க் எவ்வளவு?"

டாக்டர் தாளைப் புரட்டினார். விரல் ஒரு வரியில் நின்றது. மறுபடி மேலிருந்து பார்த்துக்கொண்டு வந்தார். அதே வரியில் நின்றார். "ரெண்டு," என்றார். குரல் கம்மியிருந்தது. "ஒண்ணுமே இல்ல."

"ஒரே மனுஷன், ஒரே காலை. ஏழுக்கு நூத்தி இருபது, ஒண்ணுக்கு ரெண்டு." அண்ணி குனிந்து கார்டுக்காரரின் கண்ணைப் பார்த்துக் கேட்டார். "ஐயா, நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. உங்க கையால நீங்க நிரப்பினது எத்தனை குழாய்?"

"எல்லாமே என்னோட..." என்று ஆரம்பித்தவர் நிறுத்தினார். "நிரப்பினதா? என்னோடதை மட்டும்தான். அதுக்குள்ள பஸ்ஸுக்கு நேரமாயிடுச்சு. லேபிளெல்லாம் முந்தின நாளே ஒட்டி வச்சிருந்தேன். பேப்பர்ல எடுத்து வச்சுட்டு, மத்த ஏழுலயும் குச்சியால குத்தி மூடிடுன்னு அவகிட்ட சொல்லிட்டு வந்தேன். அவதான் மத்தியானம் கேட்ல கொண்டுவந்து..."

அவர் வாய் திறந்தபடியே நின்றது.

"வண்டியை எடுங்க தம்பி," என்றார் அண்ணி. "டாக்டர், நாலு மணிக்குக் கையெழுத்து போடாதீங்க."

"மேனேஜர் விடமாட்டாரே!"

"பேனாவைக் காணோம்னு தேடுங்க. நான் போன் பண்ற வரைக்கும் தேடிட்டே இருங்க."

*

வழியில் மூன்று சிக்னல். மூன்றும் சிவப்பு. பின்சீட்டில் கார்டுக்காரர் முழங்காலில் கைகளை வைத்து, பள்ளிப் பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தார். "அவ ஏதாவது தெரியாம மாத்தியிருப்பா," என்றார் ஒரு தடவை. இரண்டாவது சிக்னலில், "அவளுக்கு முப்பத்தெட்டுதாம்மா ஆகுது," என்றார். நான் ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தேன். அதனால் பச்சை சீக்கிரம் வராது என்று எனக்கும் தெரியும்.

மூன்றாம் மாடி. லிப்ட் கிடையாது. ஒவ்வொரு படி வளைவிலும் சுவரோரம் ஒரு பழைய முக்காலி போட்டிருந்தது.

"இது எதுக்கு?" என்று கேட்டேன்.

"அவ போட்டது. ஏறும்போது மூச்சு வாங்குதாம்."

வீட்டுக் கதவு திறந்திருந்தது. உள்ளே தையல் இயந்திரத்தின் முன் அவர் மனைவி உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் ஜிப் வைக்காத பள்ளிப் பைகள் மலையாகக் கிடந்தன. இன்னொரு பக்கம் ஜிப் வைத்தவை நாலே நாலு. முகம் வெளிறி, உதடும் கன்னமும் ஒரே நிறத்தில் இருந்தன. புருஷன் இந்த நேரத்தில் வந்ததைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். பிறகு அண்ணியைப் பார்த்தார். அண்ணியின் கையில் இருந்த பச்சை மூடிக் குழாயைப் பார்த்தார். மெதுவாகக் கை நீட்டி இயந்திரத்தின் சுவிட்சை அணைத்தார்.

"அப்ப அந்த டெஸ்ட் பொய் இல்லையா?" என்றார்.

நாங்கள் இன்னும் வாசற்படியைத் தாண்டவில்லை. யார் என்று சொல்லவில்லை. ஒரு கேள்வி கேட்கவில்லை.

"என்னடி சொல்ற?" என்றார் கார்டுக்காரர்.

மனைவி அண்ணியையே பார்த்தார். அண்ணி உள்ளே போய் அவருக்கு எதிரே, பைகளை ஒதுக்கிவிட்டுத் தரையில் உட்கார்ந்தார்.

"வேணும்னுதான் மாத்தினீங்களா?"

"ஆமாக்கா. இவர் வச்சுட்டுப் போனதைத் தூக்கிப் போட்டுட்டு என்னோடதை வச்சேன்." குரலில் நடுக்கம் இல்லை. "எங்கம்மா இதுலதான் போனாங்க. ரத்தம் கண்ணுக்குத் தெரிஞ்ச பிறகு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனோம். நாலே மாசம். அம்மாவுக்கு அப்ப நாப்பத்தி நாலு. இவர் இந்தக் குழாயைக் கொண்டுவந்து, கண்ணுக்குத் தெரியாத ரத்தத்தையும் கண்டுபிடிச்சிடுமாம்னு படிச்சுக் காட்டினாரு. நான் மறுநாளே கம்பெனி கேட்ல போய் எனக்கும் ஒண்ணு கொடுங்கன்னு கேட்டேன். வேலை செய்யறவங்களுக்கு மட்டும்தான், அதுவும் நாப்பத்தஞ்சு வயசு ஆகணும்னாங்க. எங்கம்மாவே அந்த வயசைப் பார்க்கலைங்கன்னு சொன்னேன். ரூல்னாங்க."

"எனக்குத் தெரியாதே," என்றார் கார்டுக்காரர்.

"அப்புறம் பார்த்தா ஏழு குழாய் என் வீட்டு மேசை மேல வந்து உட்கார்ந்திருக்கு."

"ஒண்ணுல வச்சாப் போதாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"ஒண்ணுன்னா அந்த ஒருத்தரைக் கூப்பிட்டுப் பார்த்துட்டு விட்டுடுவாங்க. ஏழுன்னா இது எப்படின்னு கேப்பாங்க இல்ல? யாராவது ஒரு புத்திசாலி இருப்பாங்க, தேடிட்டு வருவாங்கன்னு நினைச்சேன்."

மூன்று மணி நேரம் முட்டி மோதி நாங்கள் கண்டுபிடித்ததை இவர் ஆறு வாரத்துக்கு முன்பே எங்களுக்காகத் திட்டம் போட்டு வைத்திருக்கிறார். அண்ணியைத் தூக்கிச் சாப்பிடும் ஆளை அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே!" கார்டுக்காரர் அழுதுகொண்டிருந்தார், கண்ணைத் துடைக்கக்கூட இல்லை.

"சொல்லி? நோய் இருக்கா இல்லையான்னு தெரியாது. உங்க வேலையும் அந்த ஏழு பேர் வேலையும் போகும்னு மட்டும் நல்லாத் தெரியும். அவங்க வரட்டும், நம்ம வாயால சொல்ல வேண்டாம்னு இருந்தேன்." அவர் அண்ணியிடம் திரும்பினார். "யாரும் வரலக்கா. ஒரு நாள் இவர் வந்து, ஏழு பேருக்கும் ஒண்ணுமில்லையாம், டெஸ்ட்டே தப்பாம்னு சிரிச்சாரு. அப்ப எனக்கும் ஒண்ணுமில்லைன்னு நினைச்சுக்கிட்டேன். எவ்வளவு நாளைக்கப்புறமோ அன்னிக்குத்தான் நல்லாத் தூங்கினேன்."

அவ்வளவு யோசித்தவர், தனக்குச் சாதகமாக வந்த ஒரே ஒரு பொய்யை மட்டும் யோசிக்காமல் நம்பிவிட்டார். நானாக இருந்தாலும் நம்பியிருப்பேன்.

"டெஸ்ட் பொய் இல்லம்மா," என்றார் அண்ணி. "ஆனா அது உங்களுக்கு அந்த நோய்தான்னும் சொல்லல. உள்ள எங்கேயோ கசியுது, போய்ப் பாருன்னு சொல்லுது. அவ்வளவுதான். கண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே சொல்லியிருக்கு. உங்கம்மாவுக்குக் கிடைக்காதது அதுதான்."

பிறகு டாக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். மணி நாலாக ஆறு நிமிடம் இருந்தது. பின்னணியில் மேனேஜர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார்.

"டாக்டர், பேனா கிடைச்சிடுச்சு. வயசு முப்பத்தெட்டு, பெண். அம்மாவுக்கு நாப்பத்தி நாலுல குடல் புற்றுநோய். ரத்தசோகை இருக்கு."

அந்தப் பக்கம் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "அம்மாவுக்கு இருந்துச்சா? நாப்பத்தஞ்சு ரூலெல்லாம் இவங்களுக்குப் பொருந்தவே பொருந்தாதே! நாளைக்கு அந்த இடம் இவங்களுக்குத்தான். நான் கையெழுத்து போடல, போடவும் மாட்டேன். இனிமே சாப்பாடு வேண்டாம்னு சொல்லுங்க, தண்ணி குடிக்கலாம். மருந்து நானே கொண்டு வர்றேன்."

"டாக்டர்," என்று அந்தப் பெண் போனுக்குக் குனிந்தார். "என் பொண்ணுக்கு எந்த வயசுல பார்க்கணும்?"

"அதை நாளைக்கு உங்களைப் பார்த்த பிறகு பேசலாமே," என்றார் டாக்டர்.

"இப்பவே சொல்லுங்க."

"உங்களுக்கு உறுதியானா, உங்க வயசுக்குப் பத்து வருஷம் முன்னாடி ஆரம்பிக்கணும். இருபத்தெட்டு. இப்ப எத்தனை?"

"ஒன்பது."

"இன்னும் பத்தொன்பது வருஷம் இருக்கும்மா. அதுக்குள்ள இதைவிடச் சுலபமான டெஸ்ட்டெல்லாம் வந்திருக்கும். இப்ப ஏன் அதை நினைக்கறீங்க?"

"எழுதிக் கொடுங்கக்கா," என்றார் அவர் அண்ணியிடம். "அப்ப ஞாபகப்படுத்த யார் இருப்பாங்கன்னு சொல்ல முடியாதே."

அண்ணி தன் பையிலிருந்து ஒரு தாளைக் கிழித்தார். தெளிவாக, பெரிய எழுத்தில் எழுதினார்: இருபத்தெட்டு வயதில் குடல் பரிசோதனை, அம்மாவுக்கும் பாட்டிக்கும் இருந்தது. 'அம்மாவுக்கும்' என்பதைப் படித்ததும் அந்தப் பெண் பேனாவை வாங்கி, அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

தாளை நாலாக மடித்தார். நாற்காலியைப் பிடித்து எழுந்து, பீரோவைத் திறந்து, மகளின் பிறப்புச் சான்றிதழ் இருந்த பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடினார். கார்டுக்காரர் தாங்கிப் பிடிக்கப் போனார். மனைவி வேண்டாம் என்று தலையசைத்தார்.

பிறகு எங்கள் பக்கம் திரும்பி, "நாளைக்கு எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டார்.